எங்கள் வீட்டு ஹெரால்டு - ஓட்டவா, காட்டவா?

கார் கண்காட்சிக்குப் போய் வந்த அன்று ராத்திரி என் மாமியார் சாப்பிடவில்லை. "வயிறு ஒரு மாதிரியா இருக்கும்மா, மோர் மட்டும் குடு" என்றார். வயிற்றில் ஒன்றுமில்லை என்று எனக்குத் தெரியும். மனசில்தான் என்னவோ.

'சமையல் குறிப்போ, கை வைத்தியமோ எழுத வேண்டிய இடத்தில் இந்த அம்மாள் கார் பற்றி எழுத வந்துவிட்டாளே' என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், சகோதரிகளே! பரணில் பித்தளை அண்டாவும் பீரோவில் கல்யாணப் பட்டும் பூட்டி வைத்திருக்கிற எல்லோர் வீட்டுக் கதையும்தான் இது. எங்கள் வீட்டில் அது காராக இருந்துவிட்டது, அவ்வளவுதான்.

எங்கள் ஊர் உத்திரமேரூர். என் மாமனார் இங்கே சின்னதாக ஒரு ரைஸ் மில் வைத்திருந்தார். 1976-ல் மதுராந்தகத்தில் ஒரு டாக்டர் விற்ற பழைய காரை வாங்கினார். ஸ்டாண்டர்டு ஹெரால்டு, 1970-ம் வருஷத்து வண்டி, கிளிப்பச்சை நிறம். அந்த நாளில் நம் தேசத்தில் கார் என்றால் முக்கியமாக மூன்றே மூன்றுதான். கல்கத்தாவுக்குப் பக்கத்தில் உத்தர்பாராவில் செய்த அம்பாசடர், பம்பாயில் செய்த ஃபியட், நம் சென்னைக்குப் பக்கத்தில் பெருங்களத்தூரில் செய்த ஸ்டாண்டர்டு. ஆக, எங்கள் ஹெரால்டு வெளியூர்க்காரி இல்லை. பழைய செங்கல்பட்டு ஜில்லாவிலேயே பிறந்து, இதே ஜில்லாவில் வாழ்க்கைப்பட்டவள்!

ஸ்டாண்டர்டு கம்பெனி 1948-ல் ஆரம்பித்தது. 1961-லிருந்து ஹெரால்டு செய்தார்கள். இங்கிலாந்தில் 'டிரையம்ஃப் ஹெரால்டு' என்று ஓடிய வண்டிதான் அது. உருவம் போட்டுக் கொடுத்தவர் மிக்கெலோட்டி என்ற இத்தாலிக்காரர். ஆனால் இங்கிலாந்தில் அதற்கு இரண்டு கதவுதான். நான்கு கதவு வைத்த ஹெரால்டு நம் ஊரில் மட்டும் செய்தது. புடவை கட்டிக்கொண்டு, முன் சீட்டை மடக்கி, குனிந்து பின்னால் ஏறுவது என்ன அவஸ்தை என்று யாரோ ஒரு புண்ணியவான் யோசித்திருக்க வேண்டும். 1971-ல் ஹெரால்டு நின்று, பிறகு கெஸல் என்ற பெயரில் 1977 வரை கொஞ்சம் வந்தது. 1985-ல் ஸ்டாண்டர்டு 2000 என்று பெரிய கார் ஒன்று கொண்டு வந்தார்கள். அதுவும் 1988-ல் நின்றுபோனது. அம்பாசடர் 2014-ல் நின்றது. பம்பாய் டாக்ஸி என்றாலே நினைவுக்கு வரும் பத்மினி ஃபியட்டும் 2023 அக்டோபரோடு டாக்ஸி வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டது.

மாமனார் காலத்தில் அந்த ஹெரால்டு பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. பின் சீட்டைக் கழற்றிவிட்டு நெல் மூட்டை ஏற்றுவாராம். தெருவில் யாருக்குப் பிரசவ வலி எடுத்தாலும், ராத்திரி இரண்டு மணியானாலும் கதவைத் தட்டலாம். என் நாத்தனாரே அதில்தான் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் 'இதோ வந்துட்டேன்' என்று பயமுறுத்தியவள். ஊரில் பாதிக் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை அழைப்பு அதில்தான். "கீறல் விழாத எடமே இல்லம்மா அதுல. ஒவ்வொரு கீறலும் யார் போட்டதுன்னு உங்க மாமாவுக்குத் தெரியும்" என்பார் என் மாமியார்.

2009-ல் மாமனார் காலமானார். எதற்கும் இருக்கட்டும் என்று ஆர்.சி. புக்கை மாமியார் பெயருக்கு மாற்றினார்கள். வண்டியை மில் கொட்டகையில் தார்ப்பாய் போட்டு மூடினார்கள். பத்து வருஷம் யாரும் தொடவில்லை.

சும்மா நின்றால் கார் பத்திரமாக இருக்கும் என்று நானும் நினைத்திருந்தேன். தப்பு! 2019-ல் தார்ப்பாயை எடுத்தபோதுதான் தெரிந்தது. டாங்கில் இருந்த பெட்ரோல் காய்ந்து பிசின் மாதிரி ஆகி, கார்பரேட்டரின் சின்னத் துவாரங்களையெல்லாம் அடைத்துவிட்டது. டாங்கின் காலியான பாகத்தில் துரு. பிரேக் ஆயிலுக்குக் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் குணம் உண்டாம்; அது உள்ளேயே துருப் பிடிக்க வைத்து நாலு வீல் சிலிண்டரும் இறுகிப்போயிருந்தன. டயர் நின்ற இடத்திலேயே சப்பையாகியிருந்தது. கதவு ரப்பர் அப்பளமாக நொறுங்கியது. ஒயரை எலி தின்றிருந்தது. என் கல்யாணப் பட்டை நினைத்துக்கொண்டேன். பத்து வருஷம் ஒரே மடிப்பில் வைத்தால் ஜரிகை மடிப்பிலேயே விட்டுப்போகும் இல்லையா? அதே கதைதான்.

என் வீட்டுக்காரர் அன்று அதைப் பார்த்துக்கொண்டு வெகு நேரம் நின்றார். அப்பா வண்டி. ஊரடங்கு வந்ததும் மில்லிலும் அதிக வேலையில்லை, முழு மூச்சாக இறங்கிவிட்டார். டிங்கரிங், பெயின்டிங், என்ஜின் வேலை... என் நாலு வளையல் அடகுக்குப் போயின. அதைப் பற்றி இங்கே ஒன்றும் சொல்லப் போவதில்லை.

ஆனால் சின்னக் குழந்தை உள்ள வீட்டுக்காரிகள் ஒரு விஷயம் தெரிந்துகொள்ள வேண்டும். இவர் வாசல் திண்ணை ஓரமாகவே வண்டியை நிறுத்தி, பழைய பெயின்டை உப்புத்தாளால் தேய்க்க ஆரம்பித்தார். என் நாத்தனார் பெண்ணின் குழந்தை அப்போது தவழ்கிற பருவம். கிளிப்பச்சைத் தூள் காற்றில் பறந்து திண்ணையெல்லாம் படிந்தது. அந்தக் காலத்துக் கார் பெயின்டில் ஈயம் கலந்திருக்கும். குழந்தை தரையில் கை வைத்து, அந்தக் கையை வாயில் வைக்கும். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும், கர்ப்பிணிகளுக்கும் ஆகாது. பழைய பிரேக் லைனிங்கில் கல்நார் இருக்கும். அந்தத் தூளை ஊதிச் சுத்தம் செய்தால் நெஞ்சுக்குக் கெடுதல். நான் போட்ட சத்தத்தில் வண்டியைக் கொட்டகைக்கே கொண்டுபோனார். தண்ணீர் விட்டு ஈரமாகத் தேய்ப்பது, முகத்துக்கு நல்ல மாஸ்க், வீட்டுக்குள் வருவதற்கு முன் குளியல், அந்தத் துணிகளைத் தனியாகத் துவைப்பது என்று சட்டம் போட்டேன். கேட்டார். கார் விஷயத்தில் இவர் என் பேச்சைக் கேட்டது அந்த ஒரு தடவைதான்!

வண்டி தயாரானதும் தெருவே திரண்டு வந்து பார்த்தது. அசல் கிளிப்பச்சை, கண்ணாடி மாதிரி. குரோமியப் பட்டையில் முகம் பார்த்துப் பொட்டு வைக்கலாம். மாமியார் குளித்து, பூ வைத்து, மஞ்சள் பையோடு வந்து நின்றார். "வரதராஜரைப் பாத்துட்டு வந்துடலாமாடா?"

"இருங்கம்மா, பெயின்ட் இன்னும் நல்லா இறுகணும்" என்றார் இவர்.

பெயின்ட் இறுகியது. பிறகு மழைக்காலம். பிறகு ரோட்டில் ஜல்லி போட்டிருந்தார்கள். பிறகு 'ஷோ'வுக்கு முன்னால் வேண்டாம் என்றார். நாலு வருஷம் இப்படியே போயிற்று. அஞ்சு வருஷத்துக்கு நல்லதென்று எஃப்.சி. வாங்கினதோடு சரி. வண்டி தெருக்கோடி தாண்டவில்லை.

2024-ல் சென்னையில் ஒரு கண்காட்சிக்கு அதை லாரியில் ஏற்றிக்கொண்டு போனோம். ஓட்டிக்கொண்டு அல்ல, லாரியில்! டயரின் பள்ளங்களைப் பல் தேய்க்கிற பிரஷ்ஷால் சுத்தம் செய்தார். நடுவர்கள் வந்து, இந்த ஸ்க்ரூ அசலா, அந்த ஹாரன் அந்த வருஷத்ததா என்று பார்த்துக் குறித்துக்கொண்டார்கள். எனக்கு அது தப்பாகப் படவில்லை. ஒரு வேலையை அக்கறையாகச் செய்தவனுக்கு நாலு பேர் தலையாட்டினால் வேண்டியிருக்கிறதுதானே? நாம் கோலப் போட்டிக்குப் போவதில்லையா? சுற்றிலும் சிவப்புக் கயிறு கட்டி, 'தொடாதீர்கள்' என்று அட்டை மாட்டியிருந்தது. மாமியார் கயிற்றைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய், கால் வலிக்கிறதே என்று பின் சீட்டில் உட்காரப் போனார். அங்கிருந்த பையன் ஓடி வந்து, "பாட்டி, வெளிய வாங்க, மார்க்கு போயிடும்" என்றான். என் வீட்டுக்காரரும், "அம்மா, கொஞ்ச நேரம்..." என்று இழுத்தார். அவர் ஒன்றும் சொல்லவில்லை. கயிற்றுக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தார். இரண்டாம் பரிசு கிடைத்தது.

அன்று ராத்திரிதான் மோர் மட்டும் குடித்தார்.

நான் கண்காட்சிக்கு விரோதியில்லை. கோயமுத்தூர் அவினாசி ரோட்டில் ஜி.டி. நாயுடு அவர்கள் நினைவாக 2015-ல் திறந்த கார் மியூசியத்தையும், வடபழனி ஏ.வி.எம். ஸ்டுடியோவில் 2023-ல் திறந்த மியூசியத்தையும் குழந்தைகளுக்குக் கட்டாயம் காட்ட வேண்டும். யாராவது எடுத்து வைத்துக் காப்பாற்றினால்தானே அவர்கள் பார்க்க முடியும்? ஆனால் மியூசியம் மியூசியம். வீடு வீடு.

விஷயம் முற்றியது 2025-ல். எஃப்.சி. புதுப்பிக்கிற கெடு வந்தது. இப்போது இதற்கு இரண்டு வழி. ஒன்று, வழக்கம்போல அஞ்சு வருஷத்துக்குப் புதுப்பிப்பது. அதற்கு முன்பு 5,000 ரூபாய் இருந்தது. இருபது வருஷம் தாண்டிய கார்களுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆக்கிவிட்டார்கள். பசுமை வரி தனி. இன்னொன்று, 2021-ல் மத்திய சர்க்கார் கொண்டு வந்த 'வின்டேஜ்' பதிவு. ஐம்பது வருஷம் தாண்டி, அசல் அமைப்பு மாறாமல் இருக்கிற வண்டிகளுக்கு அது. கட்டணம் 20,000, பத்து வருஷத்துக்கு. கௌரவம்தான். ஆனால் அந்த வண்டியை அன்றாடம் ரோட்டில் ஓட்டக் கூடாது. கண்காட்சி, பழைய கார் ஊர்வலம், ரிப்பேர், பெட்ரோல் போடுவது, இப்படிப்பட்ட காரியங்களுக்கு மட்டும் வெளியே எடுக்கலாம். வரதராஜர் தரிசனம் அந்தப் பட்டியலில் இல்லை.

இவர் வின்டேஜ்தான் என்று முடிவே செய்துவிட்டார். ஃபாரத்தை நிரப்பிக்கொண்டு வந்து, "அம்மா, இங்க ஒரு கையெழுத்து" என்று நீட்டினார்.

"என் கையெழுத்து இன்னாத்துக்கு?"

"வண்டி உங்க பேர்லதானேம்மா இருக்கு."

மாமியார் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். எங்களுக்குமே அப்போதுதான் உறைத்தது. அஞ்சு வருஷமாக வண்டிக்கு என்ன நிறம், எந்த டயர், எந்த ஷோ என்று ஊரெல்லாம் யோசனை கேட்டவர், சொந்தக்காரியை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும்தான் கேட்கவில்லை.

ஃபாரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று என் மகளைப் படித்துச் சொல்லச் சொன்னார். கேட்டுவிட்டு, "அப்ப நான் இதுல ஏறக் கூடாதுன்னு நானே கையெழுத்துப் போடணுமா?" என்றார். கோபமாகக்கூட இல்லை. சாதாரணமாகத்தான் கேட்டார். இவர் முகத்தில் ஈயாடவில்லை.

சூழ்நிலையை மாற்ற என் மகள், "குடவோலை போட்டுடலாமா பாட்டி? நம்ம ஊரு வழக்கம்தானே?" என்றாள். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும், வெட்டி வைத்த கல்வெட்டு இருக்கிறதே! ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டு, உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத ஒரு சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொல்லிச் சபைக்கு ஆள் தேர்ந்தெடுத்த ஊர் எங்களுடையது.

"அதுல சொந்த நெலம், சொந்த வீடு இருக்கிறவன் பேருதான் போடுவாங்களாம், வாத்தியார் சொல்லுவாரு. வண்டி யாருது? எனுது. அப்ப ஒரே ஓலைதான்" என்றார் மாமியார். எல்லோரும் சிரித்துவிட்டோம், இவரைத் தவிர.

பிறகு கணக்கும் அவரே போட்டார். அஞ்சு வருஷத்துக்குப் பத்தாயிரம், பத்து வருஷத்துக்கு இருபதாயிரம், ரெண்டும் ஒண்ணுதானேடா? இவர் அதற்கும் ஒரு பதில் வைத்திருந்தார். ரோட்டில் ஓடினால் பெயின்ட் போகும், அசல் சாமான் தேயும், வெளிநாட்டிலெல்லாம் எப்படிப் பொத்திப் பொத்தி வைக்கிறார்கள் தெரியுமா என்றார்.

அங்கேதான் என் மகள் மடக்கினாள். அமெரிக்காவில் கலிபோர்னியாவில் பெப்பிள் பீச் என்ற இடத்தில் 1950-லிருந்து நடக்கும் கண்காட்சிதான் இந்தக் கார்ப் பைத்தியங்களுக்கெல்லாம் காசி மாதிரியாம். அங்கேயே 1998-லிருந்து, போட்டிக்கு வந்த வண்டிகளை முதலில் ரோட்டில் ஒரு சுற்று ஓட்ட வைக்கிறார்களாம். இரண்டு வண்டி சமமான மார்க் வாங்கினால், அந்தச் சுற்றை முடித்து வந்த வண்டிக்குத்தான் பரிசு. லண்டனிலிருந்து பிரைட்டன் வரை வருஷா வருஷம் ஒரு பயணம் நடக்கிறது, 1905-க்கு முன்னால் செய்த வண்டிகள் மட்டும். நூறு கிலோமீட்டருக்குக் கிட்டத்தட்ட, நவம்பர் குளிரில் புகையைக் கக்கிக்கொண்டு! நூற்று இருபது வயது கிழங்கள் போகலாம், நம் ஐம்பத்தைந்து வயசுக்காரி காஞ்சிபுரம் போகக் கூடாதா?

எனக்கு இன்னொரு கதை தெரியும், நானும் சொன்னேன். காரைக் கண்டுபிடித்த கார்ல் பென்ஸ் அதை வைத்துக்கொண்டு மேலும் மேலும் சரி செய்துகொண்டே இருந்தார். ஜனங்கள் நம்பி வாங்கவில்லை. 1888 ஆகஸ்டில் ஒரு நாள் அவர் மனைவி பெர்தா, புருஷனிடம் சொல்லாமல் இரண்டு பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமில் இருந்த தாய் வீட்டுக்கு ஓட்டிக்கொண்டே போய்விட்டார். நூறு கிலோமீட்டர்! எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டபோது தொப்பி ஊசியால் குத்தி எடுத்தார். ஒயர் உராய்ந்தபோது காலுறைப் பட்டையைச் சுற்றினார். பிரேக் கட்டை தேய்ந்ததும் ஒரு செருப்பு தைப்பவரிடம் தோல் வைத்து அடிக்கச் சொன்னார். எரிபொருள் வாங்கியது வீஸ்லோக் ஊர் மருந்துக் கடையில். அந்த அம்மாள் வெளியே எடுக்காமல் இருந்திருந்தால் அதுவும் கொட்டகையில்தான் நின்றிருக்குமோ என்னவோ.

"சரி, போலாம்" என்றார் இவர் கடைசியில். "ஆனா நான் ஓட்ட மாட்டேன். கை நடுங்குது. நீ ஓட்டு."

மாருதி 800-ல் ஓட்டக் கற்றவள் நான். ஹெரால்டின் ஸ்டீயரிங் பெரிசு, பிரேக் முழு பலத்தோடு மிதிக்க வேண்டும். சீட் பெல்ட் கிடையாது. அதனால் சின்னக் குழந்தை யாரையும் ஏற்றுவதில்லை, ஐம்பதுக்கு மேல் போவதில்லை என்று முன்பே பேசிக்கொண்டோம். இப்போது பங்கில் வருகிற பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். பழைய ரப்பருக்கு அது ஆகாது என்று எரிபொருள் குழாய்களை இவர் முன்னதாகவே மாற்றியிருந்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை விடிகாலை கிளம்பினோம். மாமியார் பின் சீட்டில், ஜன்னல் ஓரம். இவர் என் பக்கத்தில், எதிரே ஒவ்வொரு பஸ் வரும்போதும் மூச்சைப் பிடித்துக்கொண்டு. திருப்புலிவனம் தாண்டியதும் மாமியார் பேச ஆரம்பித்தார். இந்த வளைவில் உங்க மாமா ஒரு தடவை ஆட்டு மந்தையில் மாட்டிக்கொண்டார், இந்தப் புளிய மரத்தடியில்தான் உன் நாத்தனார் உதைத்தாள் என்று ஒரே பேச்சு. பதினாறு வருஷமாகச் சேர்த்து வைத்திருந்த பேச்சு!

மாகறல் கிட்ட புகை மாதிரி ஆவி வந்தது. நிறுத்தினேன். ஹெரால்டின் பானெட் முன்பக்கமாக, மட்கார்டும் விளக்குகளுமாகச் சேர்த்து முதலை வாய் மாதிரி அப்படியே திறக்கும். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் கூடிவிட்டார்கள். ரேடியேட்டருக்குப் போகும் ஹோஸ் பைப்பின் கிளிப் தளர்ந்து தண்ணீர் ஒழுகியிருந்தது. சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. கொதிநீர் முகத்தில் அடிக்கும், குக்கர் மாதிரிதான். அரை மணி நேரம் ஆறவிட்டு, கனத்த துணி போட்டுத் திறந்து, டீக்கடையில் வாங்கிய தண்ணீரை ஊற்றினோம். இவர் முன் டயரின் மேலேயே ஏறி உட்கார்ந்து, வேட்டியெல்லாம் கரியாக, கிளிப்பை முறுக்கினார். ஒரு பையன் கதவில் கை வைத்துத் தடவினான். நான் இவரைப் பார்த்தேன். "ஏறி உக்காருடா, ஹாரன் அடிச்சுப் பாரு" என்றார்!

ஓரிக்கை பாலாற்றுப் பாலத்தைத் தாண்டி, எட்டரைக்கு வரதராஜர் கோயில். சந்நிதித் தெருவில் திரும்ப இடமில்லை என்று பயந்தேன். இருபத்தைந்து அடிக்குள் வட்டமடித்துவிடும் வண்டியாம்; அழகாகத் திரும்பிற்று.

வீட்டுக்கு வந்து பார்த்தால் பின் கதவில் ஒரு விரல் நீளத்துக்குக் கீறல். மாமியாரின் வளையல் பட்டது. இவர் குனிந்து பார்த்தார். "இது அம்மா போட்டது" என்றார், அவ்வளவுதான்.

வழக்கமான பதிவையே அஞ்சு வருஷத்துக்குப் புதுப்பித்தாயிற்று. மாமியார் தமிழில் பெரிசாகக் கையெழுத்துப் போட்டார். இப்போது பதினைந்து நாளுக்கு ஒரு முறை வண்டியை எடுக்கிறோம். கொட்டகையிலேயே ஸ்டார்ட் செய்து அஞ்சு நிமிஷத்தில் அணைத்தால் பிரயோஜனமில்லை, கெடுதல்தான். என்ஜினிலும் சைலன்ஸரிலும் ஈரம் தங்கிவிடும். அரை மணி நேரமாவது ஓடி நன்றாகச் சூடேற வேண்டும். பிளாஸ்டிக் உறை வேர்க்கும் என்று பழைய பருத்தி வேட்டிகளைச் சேர்த்துத் தைத்து ஓர் உறை போட்டிருக்கிறேன். அடுத்த கண்காட்சிக்கும் இவர் பெயர் கொடுத்திருக்கிறார். இந்தத் தடவை லாரி இல்லை, ஓட்டிக்கொண்டே போவதாக ஏற்பாடு. நடக்கட்டும்.

நாளை வெள்ளிக்கிழமை. திருப்புலிவனம் கோயிலுக்குப் போக வேண்டுமாம். மஞ்சள் பை இப்போதே ஆணியில் தொங்குகிறது.